கார் ஏற்றும் ஃபெர்ரியை எங்கிருந்து வடிவமைக்கத் தொடங்குவது?

கேள்வி இது: கரைக்கும் எதிரே உள்ள ஒரு தீவுக்கும் நடுவே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப் போகும் ஃபெர்ரி வேண்டுமென்றால் முதலில் எதை முடிவு செய்ய வேண்டும், வேகத்தையா, கொள்ளளவையா? வாகனங்கள் நேராக உள்ளே ஓட்டிப் போகும்படி கதவு வைத்த கப்பல் மற்ற கப்பல்களைவிட ஆபத்தானதா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: இரண்டையும் அல்ல, கப்பல் வந்து அணையும் துறையை. இரண்டாவதற்கு: ஆமாம், இயல்பிலேயே ஒரு பலவீனம் அதில் இருக்கிறது. ஆனால் அது தெரிந்த பலவீனம், கட்டுப்படுத்தக்கூடியது. இந்த இரண்டு பதில்களும் வாகனத் தளம் என்ற ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ஃபெர்ரி சம்பாதிப்பது அங்கேதான், நேரத்தை இழப்பதும் அங்கேதான், மூழ்கிய பல ஃபெர்ரிகளின் கதை தொடங்கியதும் அங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

துறையிலிருந்து தொடங்குவோம். 1850-ல் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில் கிராண்டனுக்கும் பர்ன்டைலண்டுக்கும் இடையே லெவையதன் என்ற கப்பல் ரயில் வேகன்களை அப்படியே ஏற்றிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. வேகனிலிருந்து சரக்கை இறக்கி, படகில் ஏற்றி, மறுகரையில் மறுபடி வேகனில் ஏற்றும் பாடு அதோடு தீர்ந்தது. கப்பலில் தண்டவாளம் போடுவது பெரிய வித்தை இல்லை. கடல் மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் கரையின் தண்டவாளமும் கப்பலின் தண்டவாளமும் பொருந்தி நிற்க வேண்டும், அதுதான் கடினம். தாமஸ் பௌச் அதற்காக நகரும் சாய்பாலம் ஒன்றைக் கரையில் அமைத்தார். இன்று லிங்க்ஸ்பான் என்று துறைமுகக்காரர்கள் சொல்லும் ஏற்றுபாலத்தின் மூதாதை அதுதான். கப்பலும் கரையும் சேர்ந்துதான் ஒரு ஃபெர்ரி என்பது அன்றே தெளிவாகிவிட்டது. அதை மறந்தவர்கள் எல்லோரும் விலை கொடுத்திருக்கிறார்கள்.

ஏற்றுபாலத்தின் கணக்கு எளிமையானது. உங்கள் இடத்தில் கடல் நடுமட்டத்திலிருந்து 2 மீட்டர் மேலும் 2 மீட்டர் கீழும் போய் வருகிறது என்று வையுங்கள். பாரம் ஏற்றிய லாரியும் தாழ்வான காரும் சிரமமில்லாமல் ஏற, சரிவு பத்துக்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்று முடிவு செய்தால் பாலம் குறைந்தது 20 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். அதோடு முடியவில்லை. பாலமும் கப்பலின் ராம்பும் (வண்டி ஏறி இறங்கக் கப்பலிலிருந்து விரியும் சாய்தளம்) சேரும் இடத்தில் மடிப்பு கூர்மையாக இருந்தால் நீளமான பேருந்தின் பின்பகுதி தரையில் உரசும். கப்பலின் எடை மாறும்போது தளத்தின் உயரமும் மாறும். கடைசி லாரி இறங்கும்போது கப்பல் சற்றே மேலெழும். இவ்வளவுக்கும் இடம் விட்டுத்தான் பாலம் கட்ட வேண்டும். அது முடிவான பிறகே கப்பலின் வாகனத் தளம் நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்க வேண்டும் என்பது முடிவாகும். தளத்தின் உயரம் முடிவானால் கப்பலின் பாதி முடிவானது போல.

கரையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மை உதாரணம் ஸ்காட்லாந்தின் ஆரன் தீவுக்காகக் கட்டப்பட்ட கிளென் சானக்ஸ். 2015-ல் ஆர்டர் கொடுத்து, 2017 நவம்பரில் கடலில் இறக்கி, 2025 ஜனவரியில்தான் சேவைக்கு வந்தது. தாமதத்துக்குக் காரணங்கள் பல. அவற்றைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. ஆரனுக்குக் காலம்காலமாகக் கப்பல் போய் வந்த ஆர்ட்ராசன் துறை இந்தக் கப்பலுக்குப் பொருந்தவில்லை. அதனால் ட்ரூன் துறையிலிருந்து ஓடுகிறது. கடல் தூரம் கூடியது, பயண நேரம் கூடியது, ரயிலில் வந்து இறங்கிக் கப்பல் ஏறுகிறவர்களுக்கு இருந்த வசதி போனது.

இந்தியாவிலும் ஒரு பாடம் இருக்கிறது. குஜராத்தில் காம்பாத் வளைகுடாவின் இரு கரைகளான கோகாவுக்கும் தாகேஜுக்கும் இடையே 2017 அக்டோபரில் ஃபெர்ரி சேவை தொடங்கியது. மறு ஆண்டு வாகனங்களையும் ஏற்றத் தொடங்கினார்கள். வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு போகும் நெடுந்தூரச் சாலைப் பயணத்தைக் கடல்வழியாகச் சுருக்கும் அருமையான யோசனை. ஆனால் அந்த வளைகுடா உலகிலேயே கடல் ஏற்றவற்றம் மிக அதிகமான இடங்களில் ஒன்று. நீரோட்டம் வண்டலை வாரிக் கொண்டுவந்து கொட்டும் வேகத்துக்குத் தூர்வாரும் வேலை ஈடுகொடுக்கவில்லை. தாகேஜ் பக்கம் ஆழம் போதாமல் சேவை நின்றது. 2020 நவம்பரில் தாகேஜை விட்டு, கோகா–ஹசீரா என்று வேறு துறைக்கு மாற்றித் தொடங்கினார்கள். சேவையை நிறுத்தியது கப்பலின் குறை அல்ல, பயணிகள் பற்றாக்குறையும் அல்ல. கப்பலுக்கு அடியில் தண்ணீர் இல்லை. ஆழத்தை ஒருமுறை அளந்து பார்த்தால் போதாது. அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு அந்த ஆழம் இருக்குமா, அதைக் காப்பாற்ற ஆண்டுதோறும் யார் செலவு செய்வார்கள் என்று கேட்க வேண்டும்.

சரி, வேகம். எந்தத் திட்டக் கூட்டத்திலும் முதலில் எழும் கோரிக்கை இதுதான்: இன்னும் சீக்கிரமாகப் போக முடியாதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடலில் 40 நிமிடம், துறையில் இறக்கி ஏற்ற 20 நிமிடம். ஒரு நடைக்கு ஒரு மணி நேரம், 16 மணி நேர வேலைநாளில் 16 நடை. ஐந்து நிமிடம் மிச்சப்படுத்தினால் 17 நடை ஓடலாம். அந்த ஐந்து நிமிடத்தைக் கடலில் மிச்சப்படுத்த வேண்டுமென்றால் 40 நிமிடப் பயணம் 35 ஆக வேண்டும். வேகத்தைச் சுமார் 14 சதவீதம் கூட்ட வேண்டும். சாதாரணக் கப்பலுக்குத் தேவையான எஞ்சின் திறன் ஏறத்தாழ வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறும். அதாவது கிட்டத்தட்ட 50 சதவீதம் அதிகத் திறன், ஒவ்வொரு நடைக்கும் 30 சதவீதம் அதிக எரிபொருள், கப்பலின் ஆயுள் முழுக்க. அதே ஐந்து நிமிடத்தைத் துறையில் மிச்சப்படுத்த என்ன வேண்டும்? அகலமான ராம்ப், வண்டிகள் வருமுன்பே வரிசை பிரித்து நிறுத்த இடம், பயணிகளுக்குத் தனி நடைபாலம், கயிறு கட்டும் நேரத்தைக் குறைக்கும் ஏற்பாடு. ஒரே ஒருமுறை செய்யும் செலவு. பெரும்பாலான குறுந்தூர வழித்தடங்களில் ஃபெர்ரியின் வேகம் என்பது கரையில் இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

வேகத்தை நம்பி இறங்கியவர்களின் அனுபவத்தையும் பாருங்கள். 1990-களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் மூன்று அதிவேக அலுமினிய கேட்டமரான் (இரட்டை உடல் கொண்ட) ஃபெர்ரிகளைக் கட்டியது. செலவு ஏறத்தாழ 46 கோடி கனடிய டாலர். அவை எழுப்பிய அலைகள் கரையோரச் சொத்துகளையும் படகுத் துறைகளையும் தாக்கின என்று புகார் வந்ததால் பல இடங்களில் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. எரிபொருள் செலவும் எஞ்சின் கோளாறுகளும் சேர்ந்துகொண்டன. 2003-ல் மூன்றையும் சேர்த்து 2 கோடி டாலருக்கும் குறைவாக ஏலத்தில் விற்றார்கள். ஐரோப்பாவில் ஸ்டெனா நிறுவனம் 1996-ல் வேல்ஸின் ஹோலிஹெட்டிலிருந்து அயர்லாந்தின் டன் லேரிக்கு ஓடவிட்ட கேஸ் டர்பைன் கேட்டமரான் 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கிலோமீட்டர்) வேகம் போகக்கூடியது. 1500 பயணிகள், 375 கார்கள். பொறியியலாகப் பார்த்தால் பிரமிக்க வைக்கும் கப்பல். எண்ணெய் விலை ஏறியதும் முதலில் அதன் வேகத்தைக் குறைத்தார்கள், பிறகு நடைகளைக் குறைத்தார்கள், 2014-ல் அந்தத் தடத்தில் அதன் ஓட்டம் நின்றது. அதற்கென்றே தனி வடிவில் துறை அமைத்திருந்ததால் சாதாரணக் கப்பலை அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதும் எளிதாக இல்லை. நீண்ட தூரத்துக்கு, பயணிகள் கூடுதல் கட்டணம் தரத் தயாராக இருக்கும் தடத்துக்கு வேகக் கப்பல் பொருந்தலாம். தினமும் பால் வண்டியும் பள்ளிப் பிள்ளைகளும் நோயாளிகளும் போகும் தீவுக்கு அது பொருந்தாது.

இனி கப்பலின் உருவம். அலை அதிகம் இல்லாத உள்கடல், கழிமுகம் போன்ற இடங்களுக்கு இருமுனைக் கப்பல்தான் என் முதல் பரிந்துரை. இரண்டு பக்கமும் முகப்பு, இரண்டு பக்கமும் ராம்ப், இரண்டு முனையிலும் உந்துவிசை. வண்டி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் நேராக இறங்கும். கப்பல் திரும்பவே வேண்டாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஃபெர்ரிகள் எல்லாமே இந்த வகை. அவற்றில் பெரியவை 202 கார்களை ஏற்றும். நார்வேயின் ஃபியோர்டுகள் என்னும் குறுகிய கடற்கால்களிலும் இதுதான் வழக்கம். இதில் குறையும் உண்டு. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் முன்னோக்கிப் போவதற்கென்றே செதுக்கிய உடலின் சிக்கனம் கிடைக்காது. திறந்த தளமாக இருந்தால் உப்புநீர் கார்கள்மேல் தெறிக்கும். ஆனால் திறந்த தளத்தில் ஏறும் தண்ணீர் தானாகவே வெளியேறிவிடும், அது பெரிய வரம்.

திறந்த கடலுக்கு அது போதாது. அங்கே உயரமான முகப்பு வேண்டும், மூடிய வாகனத் தளம் வேண்டும், முன்னும் பின்னும் தண்ணீர் புகாத கதவு வேண்டும். உயரமான பக்கச்சுவர்கள் பாய்மரம் போலக் காற்றை வாங்கும்; அதனால் இந்தக் கப்பல்களைத் துறையில் அணைப்பதுதான் மாலுமிக்குப் பெரிய சோதனை. குறுக்கே வீசும் காற்றை எதிர்த்துக் கப்பலின் மூக்கைப் பிடித்து நிறுத்தும் பவ் திரஸ்டரின் (முன்முனையில் பக்கவாட்டில் தள்ளும் உந்தியின்) திறனை, இத்தனை நாட் காற்றிலும் துறையணைய முடியும் என்று எண் சொல்லி ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். சேவை ரத்தாகும் நாள்களில் கணிசமானவை கடலில் போக முடியாததால் வருபவை அல்ல, துறையில் பாதுகாப்பாக அணைய முடியாததால் வருபவை.

இப்போது ஆபத்தின் பக்கம் வருகிறேன். சாதாரணச் சரக்குக் கப்பலிலோ பயணிகள் கப்பலிலோ உடலின் உள்ளே குறுக்குச் சுவர்கள் பல இருக்கும். ஓரிடத்தில் தண்ணீர் புகுந்தால் அந்த அறையோடு நிற்கும். வாகனத் தளத்தில் சுவர் வைத்தால் வண்டி ஓட்ட முடியாது. எனவே முனைக்கு முனை ஒரே வெற்றுக்கூடம். அகலமான தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். தண்ணீரின் எடை அற்பம்தான், ஆனால் அது சாயும் பக்கமே ஓடிப்போய் அந்தச் சாய்வை இன்னும் கூட்டும்.

எண்ணில் சொன்னால் 90 மீட்டர் நீளமும் 18 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில் 20 சென்டிமீட்டர் கடல்நீர் நின்றால் அது 330 டன். எடை ஒரு பிரச்சினை, ஆனால் பெரிய பிரச்சினை அது அல்ல. கப்பல் சாய்ந்து மீண்டும் நிமிரும் வலுவை ஜிஎம் என்ற அளவால் சொல்வார்கள். இப்படிப்பட்ட கப்பலுக்கு அது இரண்டு மூன்று மீட்டர் இருக்கலாம். கட்டற்று ஓடும் நீர்ப்பரப்பு அந்த வலுவிலிருந்து எவ்வளவைக் கழிக்கும் என்பது பரப்பின் அகலத்தின் கனத்தைப் (அகலம் × அகலம் × அகலம்) பொறுத்தது. மேலே சொன்ன தளம் 4000 டன் கப்பலில் இருந்தால் கழிவு பத்து மீட்டரைத் தாண்டும். தண்ணீர் ஒரு பக்கம் முழுக்க ஒதுங்கிய பிறகு கணக்கு வேறு மாதிரி போகும் என்பது உண்மைதான். அதற்குள் கப்பல் பயங்கரமாகச் சாய்ந்திருக்கும். தளத்தின் நடுவே நீளவாக்கில் ஒரே ஒரு தடுப்பு இருந்தாலும் இந்தக் கழிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். படிக்கட்டும் எஞ்சின் புகைப்போக்கியும் போகும் கூட்டை நடுவில் வைப்பதா பக்கங்களில் வைப்பதா என்று வடிவமைப்பாளர்கள் வாதாடுவதன் பின்னணியில் இதுவும் இருக்கிறது. நடுவில் வைத்தால் நீர்ப்பரப்பு பிளவுபடும். பக்கங்களில் வைத்தால் வண்டி ஓட்ட வசதி, கப்பல் சாயும்போது மூடிய பக்க அறைகள் மிதப்பும் தரும்.

இதைக் கடல் திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுத்திருக்கிறது. 1953 ஜனவரி 31 அன்று ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்ரரிலிருந்து வட அயர்லாந்தின் லார்னுக்குக் கிளம்பிய பிரின்சஸ் விக்டோரியாவின் பின்கதவுகளைப் புயல் அலை உடைத்தது. தளத்தில் ஏறிய தண்ணீர் வெளியேறப் போதுமான வடிகால் திறப்புகள் இல்லை. 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

1987 மார்ச் 6. பெல்ஜியத்தின் ஜீபுரூகே துறையிலிருந்து ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் முன்கதவு திறந்தபடியே கிளம்பியது. கதவை மூட வேண்டிய ஊழியர் தூங்கிவிட்டார் என்பதுதான் பலருக்கும் நினைவிருக்கும் செய்தி. கதவு ஒன்று மூடாமல் போனதற்கு அது விளக்கம், கப்பல் கவிழ்ந்ததற்கு அது பாதி விளக்கம்கூட அல்ல. இந்தக் கப்பல் டோவர்–கலே தடத்துக்காகக் கட்டப்பட்டது. அங்கே மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனி ஏற்றுபாலம் உண்டு. ஜீபுரூகேயில் ஒரே பாலம். கடல் மிக உயர்ந்து நிற்கும் வேளையில் அந்தப் பாலம் மேல்தளத்துக்கு எட்டாது. அதனால் முன்பக்க பேலஸ்ட் தொட்டிகளில் (கப்பலின் சமநிலைக்காக நீர் நிரப்பும் தொட்டிகள்) தண்ணீர் நிரப்பிக் கப்பலின் மூக்கைத் தாழ்த்தி வண்டி ஏற்றினார்கள். அந்தத் தண்ணீரை முழுதாக வெளியேற்றும் முன்பே, மூக்கு தாழ்ந்த நிலையிலேயே கிளம்பினார்கள். வேகம் கூடக்கூட முன்னலை உயர்ந்து திறந்த வாசலுக்குள் புகுந்தது. ஓரிரு நிமிடத்தில் கப்பல் சாய்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவு மூடியதா என்று கேப்டனுக்குக் காட்ட மேலே ஒரு விளக்குகூட இல்லை. விளக்கு வேண்டும் என்று முன்பே எழுந்த கோரிக்கையை நிர்வாகம் ஏற்கவில்லை. ஒரு தடத்துக்குக் கட்டிய கப்பலை வேறு தடத்தில் ஓட்டியது, துறையின் குறையைக் கப்பலை வளைத்துச் சமாளித்தது, நேரத்துக்குக் கிளம்பும் அவசரம் எல்லாம் ஒரே மாலையில் கூடிவிட்டன. துறையிலிருந்து தொடங்குங்கள் என்று நான் சொன்னது வசதிக்காக மட்டும் அல்ல.

1994 செப்டம்பர் 28 அதிகாலையில் டாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் போய்க்கொண்டிருந்த எஸ்தோனியா பால்டிக் கடலில் மூழ்கியது. 852 பேர் இறந்தார்கள். அதன் மூக்கு மேல்நோக்கித் தூக்கித் திறக்கும் கவசம் போன்றது. அலை கீழிருந்து அடிக்கும் ஒவ்வொரு அடியும் அந்தக் கவசத்தைத் திறக்கும் திசையிலேயே தள்ளும். தாங்கி நிற்பவை பூட்டுகள் மட்டுமே. பூட்டுகள் உடைந்து கவசம் கழன்றபோது உள்ளே இருந்த ராம்பையும் இழுத்துத் திறந்துவிட்டது. கேப்டனின் மேடையிலிருந்து பார்த்தால் அந்தக் கவசம் கண்ணுக்கே தெரியாது. பக்கவாட்டில் திறக்கும் இரட்டைக் கதவாக இருந்தால் அலை அதை மூடும் திசையில் அழுத்தும். அதனால் புதிதாக ஃபெர்ரி வாங்குகிறவர்கள் முன்கதவு எப்படித் திறக்கிறது என்று பார்ப்பது நல்லது. அதைவிட நல்லது, முன்கதவு இல்லாமல் பின்கதவோடு மட்டும் சமாளிக்க முடியுமா என்று யோசிப்பது. நேரம் கொஞ்சம் கூடும், திறந்த கடலில் ஓடும் சிறிய கப்பலுக்கு அது நியாயமான விலை.

எஸ்தோனியாவுக்குப் பிறகு வடமேற்கு ஐரோப்பிய நாடுகள் 1996-ல் ஸ்டாக்ஹோம் உடன்பாடு செய்தன. கப்பலின் உடலில் சேதம் ஏற்பட்டு, அதோடு வாகனத் தளத்தில் அரை மீட்டர் வரை தண்ணீர் நின்றாலும் கவிழாமல் தாங்க வேண்டும் என்பது அதன் சாரம். ஓடும் கடலின் அலை உயரத்தைப் பொறுத்து அளவு குறையும். பல பழைய கப்பல்களுக்குப் பக்கங்களில் மிதவைப் பெட்டிகள் ஒட்டினார்கள், தளத்தின் குறுக்கே மூடித் திறக்கும் வெள்ளத் தடுப்புக் கதவுகள் வைத்தார்கள். நீங்கள் பழைய கப்பலை விலைக்கு வாங்குவதாக இருந்தால், அது இந்த அளவுகோலுக்குத் தேறுமா என்று கேளுங்கள். உங்கள் சட்டம் கேட்கிறதா இல்லையா என்பது பொருட்டல்ல.

தண்ணீர் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. 2006 பிப்ரவரியில் செங்கடலில் அல்-சலாம் பொக்காச்சியோ 98 கப்பலின் வாகனத் தளத்தில் தீப்பிடித்தது. அணைக்கப் பீய்ச்சிய நீர், வடிகால்கள் அடைத்துக்கொண்டதால் தளத்திலேயே தேங்கிக் கப்பலைக் கவிழ்த்தது. சுமார் ஆயிரம் பேர் இறந்தார்கள். மின்சார வாகனங்கள் பெருகும் இந்தக் காலத்தில் இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பேட்டரித் தீக்கு அதிக நேரம், அதிகத் தண்ணீர் தேவைப்படும். மேலிருந்து தெளிக்கும் அமைப்பு நிமிடத்துக்கு எவ்வளவு நீர் ஊற்றுகிறதோ, அவ்வளவும் வெளியேறும்படி வடிகால் இருக்க வேண்டும். அந்த வடிகாலில் தார்ப்பாய்த் துண்டும் கயிறும் குப்பையும் அடைக்காமல் தினமும் ஒருவர் பார்க்க வேண்டும். வடிவமைப்பில் பாதியும் துடைப்பத்தில் பாதியும் இருக்கிறது.

கப்பல் எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருந்தாலும் ஏற்றும் முறை கெட்டால் எல்லாம் கெடும். தென்கொரியாவின் சேவோல் 2014 ஏப்ரல் 16 அன்று கவிழ்ந்து 304 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். ஜப்பானிலிருந்து வாங்கிய பழைய கப்பலின் மேல்பகுதியில் கூடுதல் அறைகள் கட்டியிருந்தார்கள். அதனால் அனுமதிக்கப்பட்ட சரக்கு 987 டன்னாகக் குறைந்திருந்தது. ஏற்றியதோ 2000 டன்னுக்கு மேல். சரக்கு கூடினால் கப்பல் அதிகம் அமிழ்ந்து, பக்கத்தில் வரைந்திருக்கும் சுமைக்கோடு காட்டிக்கொடுத்துவிடும். அது தெரியாமலிருக்க அடியில் இருக்க வேண்டிய பேலஸ்ட் நீரைக் குறைத்தார்கள். வெளியே நின்று பார்த்தால் கோடு சரியாக இருக்கும், உள்ளே எடை மேலேறியிருக்கும். போதாததற்கு வண்டிகளையும் பெட்டிகளையும் சரியாகக் கட்டவும் இல்லை; ஒரு திருப்பத்தில் எல்லாம் ஒரு பக்கம் சரிந்தன. எனவே ஏறும் ஒவ்வொரு லாரியையும் துறை வாசலில் எடை போட வேண்டும். ஓட்டுநர் சொல்லும் எடையை நம்பக் கூடாது. கனமானவை நடுவிலும் கீழ்த்தளத்திலும், இலேசானவை ஓரங்களில். சங்கிலி போடுவதற்கான கொக்கிகள் போதிய எண்ணிக்கையில். கிளம்பும் முன் நிலைத்தன்மைக் கணக்கு எழுத்தில். இத்தனையும் முடிந்த பிறகே கயிறு அவிழ வேண்டும்.

ஆட்களின் எண்ணிக்கையும் அப்படித்தான். 2002 செப்டம்பரில் கவிழ்ந்த செனகலின் லே ஜூலா சுமார் 580 பேருக்கான கப்பல். அதில் இறந்தவர்கள் மட்டும் 1800-க்கும் மேல். கூட்டம் அதிகம் என்றால் இன்னொரு நடை ஓட்ட வேண்டும். அதற்கு ஆளும் எரிபொருளும் இல்லாத நிறுவனத்தில் வாசலில் நிற்கும் டிக்கெட் ஊழியரால் கூட்டத்தைத் தடுக்க முடியாது. அவர்மேல் பழி போடுவதும் சரியல்ல.

அப்புறம் பயணிகள் பகுதி. இதைப் பலர் நாற்காலி, கேன்டீன், ஜன்னல் என்று பேசிவிட்டு முடித்துவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வெளியேறும் வழி. வாகனப் பயணிகள் கப்பலில் எச்சரிக்கை ஒலித்ததிலிருந்து எல்லோரும் கப்பலை விட்டு இறங்கும் வரை 60 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்ற கணக்கில் பாதைகளை ஆராய வேண்டும் என்பது சர்வதேச விதி. ஹெரால்டின் கதையைப் படித்தவர்களுக்கு அந்த 60 நிமிடம் கிடைக்கும் என்ற உறுதி இருக்காது. அதனால் படிக்கட்டுகள் அகலமாக, நேராக, கப்பல் சாய்ந்தாலும் பிடித்து ஏறும்படி கைப்பிடியோடு இருக்க வேண்டும். உயிர்காப்பு உடைகள் அறைகளுக்குள் அடைந்து கிடக்காமல் கூடும் இடத்திலேயே இருக்க வேண்டும். அந்தந்தப் பகுதி மக்களின் மொழியில் அறிவிப்பு இருக்க வேண்டும். கடலில் ஓடும்போது வாகனத் தளத்தில் பயணிகள் இருக்கக் கூடாது. காருக்குள்ளேயே தூங்கிக்கொள்கிறேன் என்பவரை ஊழியர் மேலே அனுப்பத்தான் வேண்டும்.

வயதானவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் தீவுச் சேவையில் அதிகம், மருத்துவமனை பெரும்பாலும் மறுகரையில் இருக்கும் என்பதால். லிஃப்ட் எந்த வரிசைக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்த வரிசையில் அவர்கள் காரை நிறுத்த, டிக்கெட் எடுக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். காரின் கதவு முழுதாகத் திறக்க இடம் வேண்டும். ஆம்புலன்ஸ் கடைசியில் ஏறி முதலில் இறங்கும்படி ஓரிடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். இதெல்லாம் வரைபடத்திலேயே முடிவு செய்யும் விஷயங்கள். கட்டிய பிறகு சேர்க்க முடியாது. குமட்டல் குறைய இருக்கைகளைக் கப்பலின் நடுப்பகுதியில், கூடிய மட்டும் தாழ்வாக வைப்பது நல்லது. ஜிஎம் அளவு மிக அதிகமாக இருந்தாலும் தொல்லைதான். கப்பல் வெடுக் வெடுக்கென்று ஆடும், பயணிகளுக்குக் குமட்டும், சங்கிலிகளுக்கும் வேலை கூடும்.

எந்த எரிபொருள் என்ற கேள்விக்கு இன்று பத்து ஆண்டுகளுக்கு முன்பிருந்த பதில் இல்லை. நார்வேயில் 2015-ல் ஆம்பியர் என்ற ஃபெர்ரி லாவிக்–ஓப்பெடால் தடத்தில் முழுக்க பேட்டரியில் ஓடத் தொடங்கியது. 120 கார், 360 பயணிகள், ஏறத்தாழ 1000 கிலோவாட்-மணி பேட்டரி, சுமார் 20 நிமிடப் பயணம். அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கரையில் அவர்கள் செய்த வேலை. அந்தச் சிற்றூர்களின் மின்கம்பி, கப்பலுக்குப் பத்தே நிமிடத்தில் வேண்டிய மின்சாரத்தைத் தாங்காது. எனவே இரு கரையிலும் பேட்டரிகளை வைத்து, கப்பல் இல்லாத நேரத்தில் மெதுவாக நிரப்பி, கப்பல் வந்ததும் வேகமாக ஏற்றினார்கள். டென்மார்க்கின் ஏரோ தீவுக்கு 2019-ல் வந்த எல்லன் 4.3 மெகாவாட்-மணி பேட்டரியோடு போக வர 22 கடல் மைல் ஓடுகிறது. குறுகிய, மாறாத தூரம், ஒவ்வொரு முறையும் அதே துறையில் நிற்பது என்ற ஃபெர்ரியின் இயல்பு பேட்டரிக்கு இயல்பாகவே பொருந்துகிறது. அரை மணி நேரத்துக்கு உட்பட்ட தடத்துக்கு இன்று டீசல் கப்பலை ஆர்டர் செய்ய நான் சொல்ல மாட்டேன். குறைந்தபட்சம் பிறகு பேட்டரி வைக்கும்படியாக இடமும் எடையும் ஒதுக்கிக் கட்டச் சொல்வேன். நீண்ட தடங்களுக்கு இரண்டும் கலந்த ஏற்பாடுதான் இப்போதைக்கு நடைமுறை.

கடைசியாக, இரண்டாவது கப்பல். எந்தக் கப்பலும் பரிசோதனைக்கும் பழுதுக்கும் உலர்துறைக்குப் போகத்தான் வேண்டும். அந்த வாரங்களில் தீவுக்கு யார் எரிவாயு கொண்டுபோவார்கள்? ஒரு பெரிய கப்பலுக்குப் பதிலாக ஒரே அச்சில் இரண்டு சிறிய கப்பல்கள் வாங்குவது முதலில் செலவாகத் தெரியும், எனக்கு அதுதான் சரியான வழி. ஒன்று பழுதானால் மற்றது ஓடும். கூட்டம் குறைந்த மாதங்களில் ஒன்றை நிறுத்திவைக்கலாம். உதிரிபாகங்கள் ஒன்றே, மாலுமிகள் எதிலும் வேலை செய்வார்கள், மிக முக்கியமாக இரண்டுமே அதே ஏற்றுபாலத்தில் பொருந்தும். அக்கம்பக்கத் துறைகளும் அதே அளவில் பாலம் கட்டிக்கொண்டால் ஒரு தடத்தின் கப்பலை இன்னொரு தடத்துக்கு இரவல் தர முடியும்.

ஆகவே கப்பல் கட்டும் நிறுவனங்களை அழைக்கும் முன்பு மூன்று தாள்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இரு துறைகளின் ஆழ அளவீடு, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தது; குறைந்தது ஓராண்டுக் காற்று, அலைப் பதிவு; தீவுக்கு ஒரு வாரத்தில் எந்த நாள் எந்த நேரத்தில் எத்தனை லாரி, எத்தனை கார், எத்தனை ஆள் போகிறார்கள் என்ற கணக்கு. கொள்ளளவும் வேகமும் இந்த மூன்றிலிருந்து தாமாக வரும்.